சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு பாடம்: லிப்ரே ஆபிஸை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகிறேன். அப்போது நான் ஒரு சிறு சங்கத்தில் உதவிக் காரியதரிசியாக இருந்தேன். அங்கத்தினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் என் பொறுப்பில் இருந்தன. வருடாந்தரப் பொதுக்கூட்டம் நெருங்கியது. பெயர்களை அகர வரிசைப்படி அடுக்கிவிட்டு, சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பும்படி கமிட்டியார் கூறினர். அன்றிரவே கணினியின் முன் அமர்ந்து வேலையை முடித்தேன். மறுநாள் கடிதங்கள் தபாலில் சேர்ந்தன.

நான்காம் நாள் ஹாஜியார் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். சங்கம் தொடங்கிய நாள் முதல் ஒரு வருடம்கூடச் சந்தா தவறாதவர். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ரசீதுகளை மேஜை மீது ஒவ்வொன்றாக அடுக்கினார். "தம்பி, நான் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம், இதைப் பாருங்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது.

ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்து மூன்று இரவுகள் ஒத்துப் பார்த்தோம். குற்றம் எங்கே நேர்ந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து நான் வரிசைப்படுத்தியிருந்தேன். பெயர்கள் இடம் மாறின. அவற்றின் எதிரே இருந்த தொகைகள் பழைய இடத்திலேயே நின்றன. ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் ஏறியது. "பக்கத்துப் பத்திகளிலும் விவரம் இருக்கிறதே, அவற்றையும் சேர்க்கலாமா?" என்று அந்தச் செயலி என்னைக் கேட்கத்தான் செய்தது. வாசித்துப் பார்க்காமல் தவறான பொத்தானை அழுத்தியவன் நான்.

ஹாஜியார் மன்னித்துவிட்டார். ஆனால் அதே கடிதத்தைப் பெற்ற வேறொரு பெரியவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். காரியதரிசியும் நானும் அவர் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவர் மனம் ஆறியது.

நம் கையிலுள்ள கருவியை நாம் சரியாகக் கற்காவிட்டால் பிறர் மானத்துக்குப் பங்கம் விளைகிறது. ஆகவே நான் அன்று கற்றதையும் அதன் பின் கற்றதையும் இங்கே முறையாக எழுதுகிறேன்.

1. இச்செயலி யாருடையது?

லிப்ரே ஆபிஸ் என்பது கடிதம், கணக்கு, படக்காட்சி முதலிய அலுவலக வேலைகளுக்கான செயலித் தொகுப்பாகும். இதன் மூலம் ஜெர்மனியில் பிறந்தது. ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனம் தயாரித்த ஸ்டார் ஆபிஸை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999-ம் ஆண்டில் வாங்கிற்று. 2000-ம் ஆண்டில் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபிஸ் எனப் பெயர் பெற்றது. 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் வசமானபின், அதில் உழைத்து வந்த தொண்டர்களில் பலர் பிரிந்து அதே ஆண்டு செப்டம்பரில் டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பை அறிவித்தனர். லிப்ரே ஆபிஸின் முதற் பதிப்பு 2011 ஜனவரியில் வெளிவந்தது.

இதற்கு விலை இல்லை. ஒரு கணினியில் ஏற்றினாலும் நூறு கணினிகளில் ஏற்றினாலும் சட்டப்படி சரியே. நண்பருக்குப் பிரதி கொடுப்பதும் தவறன்று. திருட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு சங்க வேலை செய்யும் சங்கடம் இதனால் நீங்குகிறது. உள்ளே ஆறு பகுதிகள் உள்ளன: எழுதுவதற்கு ரைட்டர், கணக்குக்குக் கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரெஸ், வரைபடத்துக்கு டிரா, தகவல் தளத்துக்குப் பேஸ், கணிதச் சூத்திரத்துக்கு மேத். சங்க வேலைக்கு ரைட்டரும் கால்க்கும் பெரும்பாலும் போதும்.

நம்மில் பலர் இதைத் தட்டெழுத்துப் பொறியைப் போலவே பயன்படுத்துகிறோம். எழுதுகிறோம், அச்சிடுகிறோம், அத்துடன் நிறுத்திவிடுகிறோம். இதன் உண்மையான பலன் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

2. முதலில் தமிழைச் சரி செய்க

"தமிழ் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன், ஆங்கில எழுத்து மட்டும் பெரிதாயிற்று, தமிழ் அப்படியே நிற்கிறது" என்று பலர் முறையிடக் கேட்டிருக்கிறேன். இதற்குக் காரணம் உண்டு. லிப்ரே ஆபிஸ் ஐரோப்பிய எழுத்துகளையும், தமிழ், அரபு போன்ற எழுத்துகளையும் தனித்தனிக் கணக்கில் வைக்கிறது. இரண்டாவது வகைக்குக் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட், சுருக்கமாகச் சி.டி.எல்., என்று பெயர்.

செய்ய வேண்டியது இதுவே. 'டூல்ஸ்' பட்டியலில் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, மொழிகளுக்குரிய பகுதிக்குச் செல்க. அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் என்னும் கட்டத்தில் குறியிட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க. அதன் பிறகு எழுத்துரு மாற்றும் இடத்தில் இரண்டு பகுதிகள் தோன்றும்: ஒன்று மேற்கத்திய எழுத்துக்கு, மற்றது சி.டி.எல். எழுத்துக்கு. தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் இரண்டாவது பகுதியில் குறிக்க வேண்டும். ஒரே அறிக்கையில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து எழுதும் நமக்கு இது பெரிய வசதியாகும். தமிழுக்கு ஓர் எழுத்துரு, ரோமன் எழுத்துக்கு வேறோர் எழுத்துரு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், செயலி தானே பிரித்துப் போட்டுக்கொள்ளும்.

ஆனால் அறிக்கை யூனிகோடு முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய அறிக்கைகளைத் திறந்தால் புரியாத குறிகளே தென்படும். அவற்றைத் தக்க மாற்றிகொண்டு யூனிகோடாக்கிக்கொள்வது நலம். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கொண்டு எழுதினாலும், கணினியிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைக் கொண்டு எழுதினாலும் ரைட்டர் இரண்டையும் ஏற்கும்.

அறிக்கையை வேறொரு கணினிக்கு அனுப்பும்போது அங்கே நமது எழுத்துரு இல்லாமற் போகலாம். 'பைல்' பட்டியலில் 'ப்ராபர்டீஸ்' திறந்து, 'ஃபாண்ட்' என்னும் பகுதியில் எழுத்துருவைக் கோப்புடன் சேர்த்து வைக்கும்படி குறியிட்டால் இக்குறை தீரும்.

3. ஆண்டறிக்கை எழுதும் முறை

தலைப்பை ஒவ்வொரு இடத்திலும் கையால் தடித்த எழுத்தாக்கி, பெரிதாக்கி, நடுவில் நிறுத்துவது நமது பழக்கம். இருபது தலைப்புகள் இருந்தால் இருபது முறை அதே வேலை. கடைசியில் தலைவர் வந்து, "தலைப்புகள் சற்றுச் சிறியதாக இருக்கட்டும்" என்றால் மறுபடியும் இருபது முறை!

இதற்குத்தான் 'ஸ்டைல்' என்னும் வசதி இருக்கிறது. எஃப்11 விசையை அழுத்தினால் பக்கவாட்டில் ஸ்டைல்களின் பட்டியல் தோன்றும். பெரிய தலைப்பில் கர்சரை வைத்துக் கண்ட்ரோலுடன் 1 அழுத்துக. அது முதல் நிலைத் தலைப்பாகும். துணைத் தலைப்புக்குக் கண்ட்ரோலுடன் 2. சாதாரணப் பாராவுக்குக் கண்ட்ரோலுடன் 0. அதன்பின் தலைப்பின் உருவத்தை மாற்ற விரும்பினால், பட்டியலில் அந்த ஸ்டைலின் பெயர் மீது வலப் பொத்தானை அழுத்தித் திருத்துக. அறிக்கை முழுவதிலும் உள்ள தலைப்புகள் யாவும் ஒரே கணத்தில் மாறிவிடும்.

இவ்வாறு எழுதுவதால் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, பொருளடக்கம் தானாகவே உண்டாகும். 'இன்சர்ட்' பட்டியலில் 'டேபிள் ஆஃப் கண்டென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், தலைப்புகளும் பக்க எண்களும் தாமே வந்து அமரும். பின்னர் அறிக்கையில் பக்கங்கள் கூடினால், பொருளடக்கத்தின் மீது வலப் பொத்தானை அழுத்திப் புதுப்பித்தால் போதும்.

இரண்டாவது, எஃப்5 அழுத்தினால் 'நேவிகேட்டர்' தோன்றும். அதில் தலைப்புகள் வரிசையாக இருக்கும். ஒன்றை இருமுறை சொடுக்கினால் அவ்விடத்துக்கே போய்ச் சேரலாம். ஒரு தலைப்பை மேலே நகர்த்தினால் அதன் கீழுள்ள பாராக்களும் உடன் நகரும். பொக்கிஷதார் அறிக்கை காரியதரிசி அறிக்கைக்கு முன் வர வேண்டுமானால் வெட்டி ஒட்டத் தேவையில்லை.

மூன்றாவது, பலர் எழுதி அனுப்பிய பகுதிகளை ஒரே உருவுக்குக் கொண்டுவரலாம். வாட்ஸ்அப்பிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் எடுத்து ஒட்டிய பகுதிகள் பல நிறமும் பல அளவுமாக இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலுடன் எம் அழுத்தினால் கையால் செய்த அலங்காரங்கள் நீங்கி, ஸ்டைலின் உருவம் மட்டும் நிற்கும்.

கூட்டக் குறிப்பைக் கமிட்டியார் திருத்தும்போது 'எடிட்' பட்டியலில் உள்ள 'டிராக் சேஞ்சஸ்' வசதியைத் திறந்து வைப்பது அவசியம். யார், எந்த வரியை, எவ்வாறு மாற்றினார் என்பது தெளிவாகத் தெரியும். நிறைவேறிய தீர்மானத்தின் வாசகம் பின்னால் மாறிவிட்டது என்ற வழக்கு எழாது.

4. சந்தாக் கணக்கு

இனி நான் தவறிய இடத்துக்கே வருகிறேன்.

(அ) ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் எண் கொடுக்க. ஒரே பெயருடையோர் நம்மில் பலர் இருப்பதால் பெயரை மட்டும் நம்பிக் கணக்கு வைத்தல் ஆகாது. கால்க்கில் இரண்டு தாள்கள் அமைக்க. முதல் தாளில் அங்கத்தினர் எண், பெயர், முகவரி, தொலைபேசி ஆகியவை. இரண்டாம் தாளில் வசூல்: தேதி, ரசீது எண், அங்கத்தினர் எண், தொகை. பணம் வரும்போதெல்லாம் இரண்டாம் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் தாளில் தொகையைக் கையால் எழுதவே கூடாது.

(ஆ) முதல் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கட்டிய மொத்தத்தைச் செயலியே கூட்டிச் சொல்லும். இதற்கான சூத்திரத்தின் பெயர் 'சம்இஃப்'. கண்ட்ரோலுடன் எஃப்2 அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று கட்டங்கள் வரும். எங்கே தேடுவது? வசூல் தாளில் அங்கத்தினர் எண் உள்ள பத்தி முழுவதும். எதைத் தேடுவது? இவ்வரியில் உள்ள அங்கத்தினர் எண். எதைக் கூட்டுவது? வசூல் தாளின் தொகைப் பத்தி முழுவதும். பத்தியின் தலையில் உள்ள எழுத்தைச் சொடுக்கினால் பத்தி முழுதும் அகப்படும். பின்பு இச்சூத்திரத்தைக் கீழே உள்ள எல்லா வரிகளுக்கும் பிரதி செய்யலாம்.

(இ) ஆண்டுச் சந்தா 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை ஒவ்வொரு சூத்திரத்திலும் எழுதாமல், தாளின் ஓர் ஓரத்தில் ஒரே கட்டத்தில் எழுதிவைக்க. பாக்கியைக் கணக்கிட, அக்கட்டத்திலிருந்து கட்டிய தொகையைக் கழிக்க. அப்போது கட்டத்தின் பெயரில் எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டாலர் குறி இட வேண்டும். குறி இடாவிட்டால், சூத்திரத்தைக் கீழே பிரதி செய்யும்போது செயலி அடுத்தடுத்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கும். பாக்கி தவறாக வரும். நாளை சந்தா 72 வெள்ளியானால் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும்.

(ஈ) வரிசைப்படுத்தும்போது பத்தியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பட்டியலுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் மட்டும் கர்சரை வைத்து 'டேட்டா' பட்டியலில் 'சார்ட்' என்பதை அழுத்தினால், பட்டியல் முழுவதும் சேர்ந்தே நகரும். ஒருவேளை அந்தக் கேள்வி தோன்றினால், 'எக்ஸ்டெண்ட் செலக்ஷன்' என்பதையே அழுத்துக. தவறு நேர்ந்துவிட்டால் பதறாமல் உடனே கண்ட்ரோலுடன் இசட் அழுத்துக. கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அவ்வழி அடைபட்டுவிடும். எனக்கு நேர்ந்தது அதுவே.

(உ) தொகைப் பத்தியில் 60 என்பதற்குப் பதில் 600 என்று விரல் தவறி அடிப்பது சகஜம். 'டேட்டா' பட்டியலில் 'வேலிடிட்டி' திறந்து, இன்ன அளவுக்குள் உள்ள எண்ணை மட்டும் ஏற்கும்படி விதித்துவிட்டால், மிகுந்த எண்ணைத் தட்டும்போதே செயலி தடுத்துவிடும்.

(ஊ) தொலைபேசி எண்ணின் முதலில் உள்ள பூஜ்யம் மறைந்துவிடுகிறது என்பார் பலர். எண் என்று எண்ணியதால் செயலி அதை விலக்கிவிட்டது. அப்பத்தியைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலுடன் 1 அழுத்தி, 'டெக்ஸ்ட்' என்று முன்கூட்டியே குறித்தபின் எண்களைத் தட்டினால் பூஜ்யம் நிலைக்கும். அடையாள அட்டை எண்ணுக்கும் இதுவே விதி.

(எ) 'டேட்டா' பட்டியலில் 'ஆட்டோ ஃபில்டர்' இட்டால், பாக்கி உள்ளவர்களை மட்டும் காணலாம். மற்றவர்கள் மறைந்திருப்பார்களே தவிர அழிந்துவிட மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் கூட்டுவதற்குச் 'சப்டோட்டல்' என்னும் சூத்திரத்தில் 9 என்ற எண்ணைக் கொடுக்க.

5. ஒரு கடிதம், நூறு முகவரி

அங்கத்தினர் பட்டியல் சீராக இருந்தால் கடிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டெழுத வேண்டியதில்லை. ரைட்டரில் 'டூல்ஸ்' பட்டியலில் உள்ள 'மெயில் மெர்ஜ்' வழிகாட்டியைத் திறந்து, முகவரிப் பட்டியலாக நமது கால்க் கோப்பைச் சேர்க்க. பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அப்பட்டியல் கடிதத்தின் மேலே தோன்றும். பெயர், முகவரி, பாக்கி முதலிய பத்தித் தலைப்புகளை இழுத்துக் கடிதத்தில் உரிய இடத்தில் விடுக.

அச்சிடக் கட்டளையிட்டால், இது பலருக்கான கடிதமா என்று செயலி கேட்கும். ஆம் என்க. உடனே அச்சுப் பொறிக்கு அனுப்பிவிடாமல், முதலில் கோப்பாகச் சேமிக்கும்படி செய்க. அக்கோப்பைத் திறந்து, குறைந்தது பத்துக் கடிதங்களை ரசீதுப் புத்தகத்துடன் ஒத்துப் பார்க்க. இந்த அரை மணி நேர வேலையை நான் அன்று செய்திருந்தால் மூன்று இரவுகள் கண் விழித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெரியவரின் வாசலில் தலை குனிந்து நின்றிருக்கவும் வேண்டியதில்லை.

6. பாதுகாப்பும் வருங்காலமும்

காரியதரிசிகள் மாறுவர், கணினிகள் பழுதாகும், சங்கமோ நிலைத்திருக்க வேண்டும். ஆகவே ஆவணங்களை எந்த முறையில் சேமிக்கிறோம் என்பது முக்கியம். லிப்ரே ஆபிஸின் சொந்த முறையான ஓப்பன் டாக்குமெண்ட் 2006-ம் ஆண்டில் சர்வதேசத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. இதன் விதிகள் பகிரங்கமானவை. எந்த ஒரு நிறுவனத்தின் தயவும் இன்றி வருங்காலத்திலும் இதைத் திறக்க வழி உண்டு. எனவே மூலப் பிரதியை இம்முறையிலேயே வைத்துக்கொள்க. பிறருக்கு அனுப்ப வேண்டியதை மட்டும் பி.டி.எஃப். ஆகவோ, அவர்கள் கேட்கும் வேறு முறையிலோ அனுப்புக.

பி.டி.எஃப். செய்யும்போது 'ஹைப்ரிட்' என்று ஒரு குறி உண்டு. அதை இட்டால், பி.டி.எஃப். கோப்புக்குள்ளேயே மூலப் பிரதியும் அடங்கியிருக்கும். யாவரும் வாசிக்கலாம், லிப்ரே ஆபிஸ் உள்ளவர் திருத்தவும் செய்யலாம்.

'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'லோட், சேவ்' என்பதன் கீழ் இரண்டு குறிகளைக் கவனிக்க. ஒன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மீட்புக்கான தகவலைத் தானே சேமிப்பது. மின்சாரம் தடைப்பட்டாலும் வேலை பெரும்பாலும் தப்பும். மற்றது, சேமிக்குந்தோறும் முந்தைய பிரதியைத் தனியே வைப்பது. என் தவறு நடந்த காலத்தில் இரண்டாவது குறி இடப்பட்டிருந்தால் பழைய பட்டியல் உடனே கைக்குக் கிடைத்திருக்கும். இவற்றோடு வாரம் ஒருமுறை வேறொரு கருவியிலும் பிரதி எடுத்து வைக்க.

அங்கத்தினரின் அடையாள அட்டை எண் உள்ள கோப்பைச் சேமிக்கும்போது கடவுச்சொல் இடுவது கடமையாகும். அச்சொல் மறந்தால் திறக்க வழியில்லை; ஆதலால் உறையிலிட்டு முத்திரை வைத்துத் தலைவரிடம் ஒப்படைத்து வைக்க.

மலேசியாவில் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது 1966-ம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் விதி. கணக்கும் குறிப்பும் மேற்சொன்னவாறு ஆண்டு முழுவதும் சீராக இருந்தால், அந்த அறுபது நாட்கள் நம்மை அச்சுறுத்தா.

அப்பியாசங்கள்

1. சென்ற ஆண்டின் அறிக்கையைத் திறந்து, கையால் செய்த தலைப்புகளை ஸ்டைலாக மாற்றிப் பொருளடக்கம் உண்டாக்குக.

2. பத்துப் பெயர்களும் இருபது ரசீதுகளும் கொண்ட மாதிரிக் கணக்கை இரண்டு தாள்களில் அமைத்து, ஒவ்வொருவர் கட்டிய தொகையையும் பாக்கியையும் சூத்திரத்தால் காண்க.

3. அம்மாதிரிக் கணக்கின் பிரதி ஒன்றில், பெயர்ப் பத்தியை மட்டும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துக. செயலி கேட்கும் கேள்வியை நிதானமாக வாசிக்க. தவறான பொத்தானை அழுத்தி, என்ன நேர்கிறதென்று கண்ணால் காண்க. பின் கண்ட்ரோலுடன் இசட் அழுத்தி மீள்க.

மூன்றாவது அப்பியாசத்தை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக் கணக்கில் செய்யும் தவறுக்கு விலை இல்லை. மெய்க் கணக்கில் செய்த தவறுக்கு ஹாஜியார் தம் ரசீதுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நடந்து வந்தார். அவர் இன்றும் சந்தா கட்ட வரும்போது சிரித்துக்கொண்டே, "தம்பி, இந்த முறை என் பெயருக்கு நேரேதானே எழுதுகிறீர்கள்?" என்று கேட்கிறார். நான் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, அவருடைய எண்ணையும் தொகையையும் காட்டிய பிறகே ரசீது கிழிக்கிறேன்.